ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால்... இன்ஜினை விடுங்க, உயிரைக் காப்பாத்துங்க!

அதிகாலை 3 மணிக்கே தாம்பரத்தைச் சுற்றியுள்ள சாலைகள் விழித்துக்கொள்கின்றன. படப்பை, மணிமங்கலம், சோமங்கலம் பக்கமிருந்து காய்கறி, கீரை ஏற்றிய லோடு ஆட்டோக்கள் தாம்பரம் மார்க்கெட்டை நோக்கி வருகின்றன. மதுராந்தகம், செங்கல்பட்டு பக்கமிருந்து ஜி.எஸ்.டி சாலையில் வரும் பிக்கப் வண்டிகள், பெருங்களத்தூர் தாண்டி பைபாஸ் பிடித்துக் கோயம்பேட்டுக்குப் பறக்கின்றன. விடிவதற்குள் சரக்கை இறக்கினால்தான் விலை. அதனால் எல்லோருக்கும் அவசரம்.

அந்த நேரத்தில்தான் மின்சார ரயிலைப் பிடிக்க சாலையைக் கடப்பவர்கள், பால் வண்டிக்காரர்கள், பேருந்துக்காகக் காத்திருப்பவர்கள் என்று மக்களும் சாலைக்கு வருகிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில், காலை எடுத்த பிறகும் ஆக்சிலேட்டர் மேலே வராமல் அப்படியே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்?

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு நொடிக்குச் சுமார் 17 மீட்டர் தூரம் ஓடும். ‘என்ன ஆச்சு’ என்று யோசிக்கும் மூன்று நொடிகளில் 50 மீட்டர் போய்விடும். அதற்குள் சிக்னல் வந்துவிடும். முன்னால் நிற்கும் பேருந்து வந்துவிடும். யோசிக்க நேரமில்லாத இடத்தில் கை காலுக்குப் பழக்கம் இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் மூன்றே வார்த்தைதான்: கிளட்ச், நியூட்ரல், பிரேக்.

ஏன் சிக்குகிறது?

கிராமங்களில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லோடு வண்டிகள், மூன்று சக்கர ஆட்டோக்கள், மொபெட்டுகள் பெரும்பாலானவற்றில் ஆக்சிலேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு கேபிள் ஓடுகிறது. சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரியேதான். உறைக்குள்ளே முறுக்கிய கம்பி. அந்தக் கம்பியில் ஒரு இழை அறுந்து உறைக்குள் குத்திக்கொண்டால், மிதிக்கும்போது போகும், விடும்போது திரும்பாது. சேறு, துரு, காய்ந்துபோன கிரீஸ், தளர்ந்த ரிட்டர்ன் ஸ்பிரிங் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

புதிய வண்டிகள் பலவற்றில் கேபிளே கிடையாது. மிதியில் உள்ள சென்சார், மின்சார ஒயர் வழியாக இன்ஜினுக்குத் தகவல் சொல்கிறது. இதில் கேபிள் அறுந்து சிக்கும் பிரச்னை இல்லை. ஆனால், மிதிக்கு மேலேயோ கீழேயோ ஏதாவது மாட்டிக்கொண்டால், பழைய வண்டியும் ஒன்றுதான். புதிய வண்டியும் ஒன்றுதான்.

நம் வண்டிகளில் டிரைவர் காலடியில் என்னென்ன கிடக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்தால் விஷயம் புரியும். சேறு ஒட்டாமல் இருக்க விரித்த சாக்கு, தண்ணீர் பாட்டில், ஜாக்கி கம்பி, பூசை போட்ட எலுமிச்சம்பழம், மூட்டையிலிருந்து உருண்டுவந்த ஒரு தேங்காய்... எல்லாம் இருக்கும். பாட்டில் உருண்டு பிரேக் மிதிக்குக் கீழே போனால் பிரேக் இறங்காது. சாக்கு சுருண்டு ஆக்சிலேட்டரின் மேல் ஏறினால் மிதி மேலே வராது. நனைந்த ரப்பர் செருப்பின் முனை மடங்கி மிதியில் மாட்டிக்கொள்வதும் உண்டு.

ஒரு மிதியடி செய்த வேலை

‘சாக்கு விரித்ததற்கெல்லாமா விபத்து நடக்கும்?’ என்று நினைப்பவர்கள், அமெரிக்காவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2009 ஆகஸ்ட் 28-ம் தேதி, கலிஃபோர்னியா மாநிலத்தின் சான் டியாகோ அருகே, லெக்ஸஸ் கார் ஒன்று கட்டுக்கடங்காமல் ஓடி விபத்துக்குள்ளானது. உள்ளே இருந்த 4 பேரும் இறந்துபோனார்கள். ஓட்டியவர் சாதாரண ஆள் இல்லை. அந்த மாநில நெடுஞ்சாலைக் காவல் துறையில் பணியாற்றிய அனுபவசாலி. சொந்தக் கார் சர்வீஸுக்குப் போயிருந்ததால், தற்காலிகமாகக் கொடுக்கப்பட்ட கார் அது. வேறு மாடலுக்கு உரிய ரப்பர் மிதியடியை அதில் போட்டிருந்தார்கள். அதில் ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டது என்பதுதான் விசாரணையில் தெரியவந்தது. கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருந்தவர் அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்து, வண்டி நிற்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

அந்தக் கார் சாவி போட்டுத் திருப்பும் வகை இல்லை. பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வகை. ஓடும்போது அதை அணைக்க வேண்டுமென்றால், பட்டனைச் சில நொடிகள் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒருமுறை தட்டினால் அணையாது. இரவல் வண்டியில் ஏறுபவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

இதன் பிறகு டொயோட்டா நிறுவனம், மிதியடிப் பிரச்னைக்காக அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் வண்டிகளுக்கு அறிவிப்பு கொடுத்தது. 2010 ஜனவரியில், மிதியே ஒட்டிக்கொள்ளும் குறைபாட்டுக்காக மேலும் 23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. உண்மையை மறைத்ததற்காக, 2014-ல் 120 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது.

அமெரிக்க அரசு, விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் பொறியாளர்களை வைத்தும் இதை ஆராய்ந்தது. 2011 பிப்ரவரியில் முடிவு வந்தது. இப்படிப்பட்ட பெரும் வேகத்துக்கு மின்னணுக் கோளாறு காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மிதியடியில் மாட்டுவது, மிதி ஒட்டிக்கொள்வது ஆகிய இரண்டைத்தான் இயந்திரக் காரணங்களாகச் சொன்னார்கள். இவை தவிர, பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரையே மிதித்த சம்பவங்களும் நிறைய இருந்தன. நம் ஊர் செய்தித்தாள்களில் அடிக்கடி பார்க்கிற வரிதான் அது.

அத்தனை விலை உயர்ந்த காருக்கே ஒரு ரப்பர் துண்டு போதுமானதாக இருந்திருக்கிறது. நம் வண்டியில் கிடக்கும் சாக்கைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

நின்றபடி கற்றுக்கொள்ள வேண்டிய 5 படிகள்

1. கிளட்சை முழுவதுமாக மிதிக்க வேண்டும். இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், கிளட்சை மிதித்த அந்த நொடியே சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. அதன் பிறகு வண்டி இழுக்காது.

2. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். பதற்றத்தில் கிளட்சிலிருந்து கால் நழுவினாலும் வண்டி மறுபடி பாயாமல் இருக்க இது அவசியம். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி என்றால், நேராக ‘என்’ என்ற இடத்துக்குத் தள்ளினால் போதும். கியரைக் குறைத்தால் வேகம் குறையும் என்று மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது. மேட்டிலிருந்து இறங்கும்போது அது சரி. ஆக்சிலேட்டர் சிக்கியபோது உதவாது.

3. பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. பிரேக்கை லேசாக்குவது, பூஸ்டரில் இருக்கும் வெற்றிட சக்தி. ஆக்சிலேட்டர் முழுவதும் திறந்திருக்கும்போது, முக்கியமாகப் பெட்ரோல் இன்ஜினில், அந்தச் சக்தி மறுபடி சேராது. இரண்டு மூன்று முறை மிதித்து விட்டால் தீர்ந்துபோய், பிரேக் கல்லு மாதிரி ஆகிவிடும். அதேபோல, லேசாக மிதித்தபடியே தூரம் போனாலும் பிரேக் ஷூ சூடேறிப் பிடிப்பு போய்விடும். அழுத்தினால் நிற்கும்வரை அழுத்த வேண்டும்.

4. ஹார்ன் அடித்து, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, இடது ஓரம் வர வேண்டும். ஜி.எஸ்.டி சாலையில் என்றால் சர்வீஸ் ரோடு பக்கம். பைபாஸில் என்றால் இடது ஓரத் தார். வாழைத்தார், தேங்காய், வைக்கோல் என்று உயரமாக ஏற்றிய வண்டியில் ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்தால் கவிழ்ந்துவிடும். மெதுவாகத்தான் திருப்ப வேண்டும்.

5. வண்டி நின்ற பிறகுதான் சாவி. நின்றதும் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஆட்களைச் சாலையிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும். பின்னால் வருபவருக்குத் தெரியும்படி எச்சரிக்கை முக்கோணத்தை வைக்க வேண்டும்.

ஓடும்போதே சாவியைப் பிடுங்கினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பிறகு வண்டி போகிற திசையில்தான் போகும். கியர் வெளியே வரவில்லை, பிரேக்கும் பிடிக்கவில்லை என்ற கடைசி நிலையில் மட்டும், சாவியை ஒரே ஒரு படி பின்னால் திருப்பலாம். வெளியே எடுக்கவே கூடாது. பவர் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் அப்போது கனமாகிவிடும். இரண்டு கையாலும் பலமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பட்டன் வகை வண்டி என்றால், பட்டனைச் சில நொடிகள் விடாமல் அழுத்த வேண்டும்.

குனிந்து கையால் மிதியைத் தூக்கப் பார்ப்பது ஆபத்து. சாலையிலிருந்து கண் போய்விடும். கிளட்சை மிதித்த பிறகு, காலாலேயே ஒருமுறை ஆக்சிலேட்டரைத் தட்டிவிட்டுப் பார்க்கலாம். வந்தால் நல்லது. வராவிட்டால் அதோடு மல்லுக்கட்டாமல் வண்டியை நிறுத்துவதில் கவனம் வைக்க வேண்டும்.

இன்ஜின் அலறட்டும்!

இந்த ஐந்து படிகளும் தெரிந்தவர்கள்கூட இரண்டாவது படியில்தான் தடுமாறுகிறார்கள். நியூட்ரலுக்கு வந்ததும் இன்ஜின் காது கிழியும்படி ரேஸ் ஆகும். கடன் வாங்கி, மாதத் தவணை கட்டி ஓட்டும் வண்டி. ‘ஐயோ, இன்ஜின் போச்சே’ என்று கை தானாகவே கியரைத் திரும்பப் போடப் பார்க்கும். அல்லது கிளட்சை விட்டுவிடும். அப்படிச் செய்தால் வண்டி மறுபடி பாயும்.

பயம் நியாயமானது. ஆனால், பெரும்பாலும் தேவையில்லாதது. டீசல் இன்ஜின்களில் வேகம் ஒரு அளவுக்கு மேல் போகாமல் பிடித்துவைக்க, பம்பிலேயே கவர்னர் இருக்கிறது. புதிய வண்டிகளில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. அரை நிமிட அலறலில் நல்ல இன்ஜின் உடைந்துவிடாது. அப்படியே உடைந்தாலும், அது பட்டறையில் சரிசெய்யக்கூடிய செலவு. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒரு கூட்டத்துக்குள் வண்டி புகுந்தால், அதை எந்தப் பட்டறையிலும் சரிசெய்ய முடியாது. வண்டி முதலாளிகள் இதைத் தங்கள் டிரைவர்களிடம் வாய்விட்டே சொல்லிவைக்க வேண்டும். ‘இன்ஜினுக்கு என்ன ஆனாலும் உன்னைக் கேட்க மாட்டேன்’ என்ற ஒரு வார்த்தை, அந்த நேரத்தில் டிரைவரின் கையை நடுங்காமல் வைக்கும்.

மற்ற வண்டிகளுக்கு...

மொபெட், பைக்: கியர் பைக் என்றால் கிளட்ச் பிடியை இறுக்கிப் பிடித்து, வலது கைப்பிடியில் உள்ள இன்ஜின் ஆஃப் சுவிட்சைத் தட்ட வேண்டும். கிளட்ச் பிடி இல்லாத மொபெட், ஸ்கூட்டர் என்றால் ஆஃப் சுவிட்ச் அல்லது சாவிதான் வழி. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் தூக்கி எறியும்.

மூன்று சக்கர லோடு ஆட்டோ: கைப்பிடியில் கிளட்ச் உள்ள வண்டியில் இடது கையால் அதை இறுக்கிப் பிடித்தபடி, கால் பிரேக்கை அழுத்த வேண்டும். மின்சார ஆட்டோவில் கிளட்ச் கிடையாது. நியூட்ரல் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிராக்டர்: சாலையில் ஓட்டும்போது இரண்டு பிரேக் மிதிகளையும் இணைக்கும் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். வயலில் திருப்புவதற்காகக் கழற்றிவிட்டு, அப்படியே சாலைக்கு வருபவர்கள் அதிகம். வேகத்தில் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நிற்கும். டிராக்டர் சுழன்று கவிழும். கை ஆக்சிலேட்டரை ஏற்றிவைத்ததை மறந்துவிட்டு, கால் மிதிதான் சிக்கிக்கொண்டது என்று பதறுவதும் நடக்கிறது. முதலில் அதைக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். இன்ஜினை அணைக்க, ஸ்டாப் நாபை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

தினமும் ஒரு நிமிடம்

காலையில் வண்டி எடுக்கும் முன், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே ஆக்சிலேட்டரை மூன்று முறை அடிவரை மிதித்து விட வேண்டும். ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று மேலே வர வேண்டும். மெதுவாக வந்தாலோ, நடுவில் நின்று வந்தாலோ, அன்றைக்கே பட்டறைக்குப் போக வேண்டும். கேபிளில் எண்ணெய் விட்டு ஒப்பேற்றாமல், புதிது மாற்றிவிடுவதே நல்லது. இழை அறுந்த கேபிளுக்கு எண்ணெய் மருந்தாகாது.

டிரைவர் காலடியில் சாக்கு, பாட்டில் எதுவும் இருக்கக் கூடாது. மிதியடி போட்டால், அந்த வண்டிக்கு உரியதாக, நகராமல் கொக்கியில் மாட்டியதாக இருக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று போடவே கூடாது. பின்பக்கம் பட்டை உள்ள செருப்பு அல்லது ஷூ போட்டு ஓட்டுவது நல்லது.

எஃப்.சி காட்டுவது மட்டும் போதாது. சரக்கு வண்டிகளுக்கு முதல் 8 ஆண்டுகள்வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும்தான் எஃப்.சி வருகிறது. நடுவில் உள்ள நாள்களுக்கு ஓட்டுபவர்தான் பொறுப்பு.

இன்னொன்று, ஒத்திகை. அறுவடை முடிந்த காய்ந்த வயலிலோ, ஆளில்லாத மைதானத்திலோ வண்டியைக் காலியாக 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, கிளட்ச், நியூட்ரல், பிரேக் என்று பத்து முறை செய்து பார்க்க வேண்டும். கூட வரும் மனைவியோ மகனோ, ஹேண்ட் பிரேக் எங்கே, நான்கு இண்டிகேட்டர் சுவிட்ச் எங்கே என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் அவர்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கக் கூடாது.

விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

ஹேண்ட் பிரேக் போட்டே வண்டியை நிறுத்த முடியாதா?

ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். வேகத்தில் சட்டென்று இழுத்தால் வண்டியின் பின்பக்கம் சறுக்கித் திரும்பிவிடும். கால் பிரேக் போதவில்லை என்றால் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கலாம்.

பிரேக் நன்றாக இருந்தால் நியூட்ரல் எதற்கு? பிரேக்கே நிறுத்தாதா?

நல்ல நிலையில் உள்ள பிரேக், இன்ஜினைவிட பலசாலிதான். ஆனால், முழு லோடு, தேய்ந்த பிரேக் ஷூ, மழை ஈரம் எல்லாம் சேர்ந்தால் அந்தக் கணக்கு மாறிவிடும். இன்ஜினைக் கழற்றிவிட்டால், பிரேக்குக்கு வண்டியை நிறுத்தும் வேலை மட்டும்தான் இருக்கும்.

பழைய டீசல் இன்ஜின், சாவியை அணைத்த பிறகும் தானாக ரேஸ் ஆகிக்கொண்டே போகிறது. வெள்ளைப் புகையாக வருகிறது. அது ஏன்?

இது ஆக்சிலேட்டர் கோளாறு இல்லை. தேய்ந்த டர்போ அல்லது பிஸ்டன் வழியாக இன்ஜின் ஆயிலே உள்ளே போய் எரிகிறது. டீசலை நிறுத்தினாலும் நிற்காது. வண்டி நின்ற நிலையில், பெரிய கியரில் போட்டு, பிரேக்கை முழுவதும் அழுத்தியபடி கிளட்சை விட்டால் இன்ஜின் திணறி அணையும். இல்லையென்றால், காற்று உறிஞ்சும் குழாயைப் பலகையால் அடைக்கலாம். கையால் அடைக்கவே கூடாது. அதுவும் முடியாவிட்டால் தள்ளிப் போய்விட வேண்டும். சரிசெய்யும்வரை அந்த இன்ஜினைத் திரும்ப ஓட்டக் கூடாது.

புது வண்டியிலேயே மிதி ஒட்டுகிறது. யாரிடம் சொல்வது?

முதலில் டீலரிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். தயாரிப்பிலேயே குறை உள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 110-ஏ பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஒரே மாடலில் பலர் புகார் செய்தால்தான் குறை வெளியே தெரியும். அதனால் ‘நமக்கு மட்டும்தான்’ என்று விட்டுவிடக் கூடாது.

நடுவழியில் நின்றுவிட்டால் உதவிக்கு யாரை அழைப்பது?

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. யாருக்காவது அடிபட்டிருந்தால் 108. காவல் துறை உள்ளிட்ட எந்த அவசரத்துக்கும் 112. இந்த மூன்று எண்களையும் வண்டிக்குள் பெரிதாக எழுதி ஒட்டிவைக்கலாம். அதற்குக் கீழேயே ‘கிளட்ச், நியூட்ரல், பிரேக்’ என்றும் எழுதிவைத்தால், மாற்று டிரைவர் ஏறும் நாளிலும் உதவும்.